ரௌட்டர் இருக்கட்டும், முதலில் கேபிள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கிவிட்டாள் என்பதில் மகிழ்ச்சி. ஆனால் முக்கியமான கூட்டத்தின் நடுவில் அவள் முகம் திரையில் உறைந்துபோகிறது, குரல் அறுந்து அறுந்து கேட்கிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். எட்டு ஆன்டெனா வைத்த பெரிய ரௌட்டர் ஒன்றை வாங்கிவிடப்போவதாகச் சொல்கிறாய். கொஞ்சம் பொறு. பணி ஓய்வுக்குப் பிறகு நான் முழு மனதோடு செய்த வேலை எங்கள் வீட்டு நெட்வொர்க்கைப் புதுப்பித்ததுதான். அதில் தெரிந்துகொண்டதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

முதலில் நோய் எங்கே என்று பார்க்க வேண்டும். மடிக்கணினியை ரௌட்டருடன் கேபிளால் நேராக இணைத்து வேகத்தை அளந்து பார். நீ பணம் கட்டும் வேகம் அங்கே வந்தால், வெளியிலிருந்து வரும் இணைப்பில் குறை இல்லை. பிறகு கேபிளை எடுத்துவிட்டு அதே அறையில் வைஃபையில் அள. அதன் பின் மகளின் அறைக்குப் போய் அள. எந்த இடத்தில் எண் சரிகிறதோ அங்கேதான் வேலை இருக்கிறது. இணைய நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. கோப்பு இறங்கும்போது கணினி பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12 மெகாபைட் வந்தால் அது சரியான வேகம்தான். யாரோடும் சண்டைக்குப் போக வேண்டாம்.

நான் கண்டறிந்ததில் முக்கியமானது இதுதான்: வீட்டில் இடம் பெயராத எந்தக் கருவியையும் வைஃபையில் விடாதே. டிவி, மேசைக் கணினி, மகள் வேலை பார்க்கும் மேசை எல்லாவற்றுக்கும் கேபிள் போடு. ஏனென்றால் வைஃபை என்பது பங்கு போட்டுக்கொள்ளும் காற்று. ஒரு மேடையில் ஒரே மைக்கைக் கைமாற்றிப் பேசுவது போன்றது அது. ஒருவர் திக்கித் திணறிப் பேசினால் மற்ற எல்லோருடைய நேரமும் போய்விடும். தூரத்து அறையில் பலவீனமான சிக்னலில் கிடக்கும் பழைய கருவி ஒன்று, அருகில் இருக்கும் புதிய கருவியின் வேகத்தையும் இப்படித்தான் தின்றுவிடுகிறது. அசையாத கருவிகள் கேபிளுக்குப் போய்விட்டால், காற்று முழுவதும் கைபேசிகளுக்கு மிஞ்சும். ரௌட்டரை மாற்றாமலேயே எங்கள் வீட்டில் வைஃபை மேம்பட்டது இதனால்தான்.

கேபிள் என்றால் எது என்று கேட்பாய். கேட் 5ஈ (Cat 5e) என்ற ரகம் போதும். 1999-இல் வந்த தர விதியின்படியே அது 100 மீட்டர் வரை 1 கிகாபிட், அதாவது நொடிக்கு 1000 மெகாபிட் சுமக்கும். 2016-இல் வந்த விதிப்படி அதே கேபிளில் 2.5 கிகாபிட்டும் ஓடும். ஆகவே சுவருக்குள் ஏற்கெனவே கேட் 5ஈ இருந்தால் இடிக்காதே. புதிதாக இழுப்பதென்றால் கேட் 6 அல்லது 6ஏ போட்டுவிடு. 10 கிகாபிட் வேகத்தைக் கேட் 6 சுமார் 55 மீட்டர் வரையிலும், 6ஏ 100 மீட்டர் வரையிலும் தாங்கும். வீட்டுக்குள் அந்தத் தூரம் எங்கே வரப்போகிறது! ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதே: முழுச் செம்புக் கம்பியாக இருக்க வேண்டும். செம்பு பூசிய அலுமினியக் கம்பியும் அதே தோற்றத்தில் விற்கிறார்கள். பிளேடால் லேசாகச் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளையாகப் பளபளத்தால் வாங்காதே. அது எளிதில் முறியும், மின்தடையும் அதிகம். கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் கருவிகளை அதில் மாட்டினால் சூடேறும் ஆபத்தும் உண்டு. மின்கம்பி போகும் குழாயிலேயே இதையும் சேர்த்து இழுக்காதே. தனிக் குழாய் வேண்டும்.

இப்போது உனக்குப் பிடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். வீடு கட்டும்போதே எங்கள் பின்னறைக்குக் கேபிள் போட்டிருந்தார்கள். ஆனால் அங்கே கணினியை மாட்டினால் இணைப்பு வேகம் 1000 என்று காட்ட வேண்டிய இடத்தில் 100 என்று காட்டியது. இணையம் வேலை செய்ததால் இத்தனை காலம் வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. சுவர் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தேன். எட்டுக் கம்பிகளும் வரிசை மாறாமல் இருந்தன. ஆனால் நீலக் கம்பி மட்டும் உலோகப் பல்லுக்குள் முழுதாக இறங்காமல் மேலேயே நின்றிருந்தது. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிகள், அதாவது ஆரஞ்சும் பச்சையும் போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். நீலமோ பழுப்போ விட்டுப்போனால் பெரும்பாலான கருவிகள் புகார் சொல்லாமல் 100-க்கு இறங்கிவிடுகின்றன. கருவியால் அந்தக் கம்பியை அழுத்தி இறக்கியதும் திரையில் 1000 வந்தது. அப்போது எனக்கு உண்டான நிறைவைச் சொல்லி மாளாது.

அந்தக் கம்பிகளை உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஒவ்வொரு ஜோடியும் முறுக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றின் முறுக்கும் வேறு வேறு நெருக்கத்தில் இருக்கிறது. ஒரு ஜோடியின் சிக்னல் பக்கத்து ஜோடிக்குள் கசியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. முறுக்கிய ஜோடிக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இலேயே காப்புரிமை பெற்றார், தொலைபேசிக்காக! அந்த யோசனை இன்றைக்கும் நம் வீட்டுச் சுவருக்குள் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் முனையில் இணைப்பான் போடும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்கிறார்கள். வேலை செய்பவர் விரல் நீளத்துக்குப் பிரித்துப் போட்டால் நீ பக்கத்தில் நின்று தடுக்க வேண்டும்.

வைஃபை பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் பொதுவாக 1, 6, 11 என்ற மூன்றே. அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாமே அவற்றில்தான் நெருக்கியடிக்கின்றன, போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் இரைகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. சுவருக்குச் சுவர் தேயும். புதிய தலைமுறைகளான வைஃபை 6ஈ-யும் வைஃபை 7-உம் பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் இன்னும் விசாலமானது, ஆனால் அதற்கு எல்லா நாடுகளிலும் ஒரே அளவு அனுமதி இல்லை. உன் மகளின் கணினியில் பழைய தலைமுறையான வைஃபை 5 தான் இருக்கிறதென்றால், நீ வைஃபை 7 ரௌட்டர் வாங்கினாலும் அவளுக்கு அந்தப் புதிய வேகம் கிடைக்காது. இரண்டு முனையும் ஒத்துப்போக வேண்டும். சக்தி வாய்ந்த ஒரே ரௌட்டரை மூலையில் வைப்பதைவிட, கேபிளால் இணைத்த இரண்டு சாதாரண அக்சஸ் பாயின்ட்கள் (வைஃபை பரப்பும் சிறு பெட்டிகள்) மேல் என்பது என் உறுதியான கருத்து. பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுவதும் ஒரே வைஃபையைப் பரப்பும் மெஷ் வாங்கினாலும் அந்தப் பெட்டிகளைக் கேபிளால் இணை. வைஃபை வழியாகவே இணைத்து, அதே ரேடியோவைக் கருவிகளுக்கும் பயன்படுத்தினால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரும்பு அலமாரிக்குள்ளும் பெரிய கண்ணாடிக்குப் பின்னாலும் எதையும் வைக்காதே.

கடைசியாக, மகளின் குரல் அறுந்துபோவதற்கு வேகக் குறைவே காரணமாக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் யாரோ ஒருவரின் கைபேசி புகைப்படங்களை மேலேற்றத் தொடங்கும். ரௌட்டர் அந்தத் தரவை எல்லாம் நீண்ட வரிசையில் அடுக்கி வைத்துக்கொள்ளும். அந்த வரிசையின் வாலில் உன் மகளின் குரல் காத்துக்கிடக்கும். வேகச் சோதனையில் எண் அழகாகத்தான் தெரியும், பேச்சு மட்டும் திணறும். இதற்கென்றே எஃப்க்யூ கோடெல், கேக் போன்ற வரிசை முறைகள் இருக்கின்றன; ரௌட்டரில் நிறுவக்கூடிய ஓபன்டபிள்யூஆர்டி (OpenWrt) மென்பொருளில் இவற்றைப் போட்டுக்கொள்ளலாம். சில ரௌட்டர்களில் எஸ்க்யூஎம் என்ற பெயரில் இருக்கும். உன் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக அதில் வரம்பு வைத்தால், வரிசை உன் ரௌட்டரின் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும், குரல் முந்திப் போகும். வாங்கும் ரௌட்டரில் இந்த வசதி உண்டா என்று பார், ஆன்டெனாவை எண்ணாதே.

ஒன்று செய். பெரிய கோப்பு ஒன்றை மேலேற்றிக்கொண்டே, அவள் அறையில் பிங் ஓடவிட்டுப் பார்; ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் கட்டளை அது. சும்மா இருக்கும்போது 20 மில்லிநொடி காட்டுவது அப்போது பல நூறாக ஏறினால், கோளாறு அந்த வரிசையில்தான். அந்த எண்களையும், வீட்டின் வரைபடம் ஒன்றைக் கையால் கிறுக்கி, ரௌட்டர் எங்கே, அவள் மேசை எங்கே என்று குறித்தும் எனக்கு அனுப்பு. எந்தச் சுவர் வழியாகக் குழாய் போகலாம் என்று நான் கோடு போட்டுத் தருகிறேன். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் மறக்காமல் எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்