சொல்லும் குரலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேச்சின் பொருளில் 93 விழுக்காட்டைக் குரலும் உடல்மொழியுமே உணர்த்துகின்றன என்று மேடைதோறும் சொல்லப்படுவது சரியன்று. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட இரு ஆய்வுகளிலிருந்து பிறந்த இக்கணக்கு, தனிச்சொற்களைக் கேட்பவர் பேசுபவரின் விருப்பு வெறுப்பை எவ்வாறு கணிக்கிறார் என்பதைப் பற்றியது மட்டுமே. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார்.

அதற்காகக் குரலின் பங்கைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 'சரி' என்ற சொல் தாழ்ந்து முடிந்தால் உடன்பாடு, உயர்ந்து முடிந்தால் கேள்வி, 'சரீ...' என்று இழுபட்டால் அவநம்பிக்கை. அதையே வெடுக்கென்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், பேச்சு முடிந்தது, கோபம் முடியவில்லை என்று பொருள். குறுஞ்செய்தியில் இவை அத்தனையும் உதிர்ந்து இரண்டெழுத்து மட்டுமே மிஞ்சுவதால்தான், மஞ்சள் முகப் படங்களை வைத்து (நானும்தான்) ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்