முரளிக்கு, ரூட்டர் விஷயமாக

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசானது. எனக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது பொடி எழுத்தையும் படிக்க முடிகிறது. அதைப் பரிசோதிப்பதற்கென்றே வந்ததுபோல இருந்தது உன் கடைசிப் பத்தி. வீட்டுக்கு வைஃபை போட்டாயிற்று, ரூட்டரை டிவிக்குப் பின்னால் கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன், பாஸ்வேர்ட் என் போன் நம்பர்தான் என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, ஒரே வரியில் இரண்டு தப்பு. சிரிக்கிறேன் என்று நினைக்காதே. 3 வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்து வைத்திருந்தேன்.

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். ரூட்டர் பார்க்க லட்சணமான பொருள் இல்லைதான். ஆனாலும் அதை ஒளித்து வைக்கக் கூடாது. அது ரேடியோ அலையை வீசும் பெட்டி. டிவிக்குள் இருக்கும் உலோகத் தகடு, முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சு, மீன் தொட்டித் தண்ணீர் எல்லாமே அதற்கு எதிரி. வீட்டின் நடுவாக, தலை உயரத்தில், திறந்த இடத்தில் வை. உன் போனில் இரண்டு பெயர் தெரியும், 2.4 என்று ஒன்று, 5 என்று ஒன்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் வேகம் குறைவு. 5 வேகமானது, இரண்டு சுவர் வந்தால் களைத்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடுவதும் அந்த 2.4-ஐ ஒட்டித்தான். எங்கள் வீட்டில் அது சுற்றத் தொடங்கினால் மகளின் வீடியோ கால் திக்கித் திக்கிப் பேசும்.

இப்போது பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். ரூட்டருக்கு ஒரு பாஸ்வேர்ட் இல்லை முரளி, இரண்டு. வைஃபைக்குள் நுழைய ஒன்று, ரூட்டரின் செட்டிங்ஸுக்குள் நுழைய இன்னொன்று. முதலாவதை எல்லோரும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டாவது என்று ஒன்று இருப்பதே எனக்கு ஒரு ராத்திரி தற்செயலாகத்தான் தெரிந்தது.

அன்று இணையம் நத்தையாக ஊர்ந்தது. ரூட்டரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு ஸ்டிக்கர், எறும்பு வரிசை மாதிரி எழுத்து. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினேன். 192.168.1.1 என்ற முகவரி, அதன் கீழே பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். பிரவுசரில் அந்த எண்ணைத் தட்டி, இரண்டு கட்டத்திலும் அட்மின் என்று போட்டேன். கதவு திறந்துகொண்டது. உள்ளே இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருந்தது, மொத்தம் 7. என் போன், மனைவியின் போன், மகளின் மடிக்கணினி, டிவி, இதோடு நான்கு. ஐந்தாவது பிரிண்டர். ஆறாவது வெறும் எழுத்தும் எண்ணுமாக இருந்தது. திருடன்தான் என்று முடிவு கட்டி, வீட்டில் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்தேன். கடைசியில் அது ஹாலில் இருக்கும் ஸ்மார்ட் பல்பு! ஏழாவதுதான் நிஜமாகவே வெளியாள். மாடி வீட்டுப் பையன், பரீட்சை நேரத்தில் ஒரு நாளைக்கு மட்டும் என்று கேட்டானே, நானே வாயால் சொல்லிக் கொடுத்த பாஸ்வேர்ட். ஒரு நாள் இரண்டு வருஷமாகிவிட்டது. அவன் மேல் தப்பில்லை, அவன் போன் தானாகவே இணைந்துகொண்டிருந்திருக்கிறது.

பையன் எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. அட்மின், அட்மின்தான் தூக்கத்தைக் கெடுத்தது. அந்தக் கதவு வழியாக நுழைபவன், நீ வங்கியின் முகவரியைத் தட்டினால் அவன் செய்து வைத்த போலிப் பக்கத்துக்கு உன்னைத் திருப்பிவிட முடியும். 2016-இல் மிராய் என்ற நாசகார நிரல் இப்படித்தான் பரவியது. தொழிற்சாலையில் வைத்து அனுப்பும் அறுபது சொச்சம் பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகளை வைத்துக்கொண்டு வீட்டுக் கேமராக்களையும் ரூட்டர்களையும் தட்டிப் பார்த்தது. திறந்ததையெல்லாம் படையாகச் சேர்த்துக்கொண்டு பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கியது. ஆகவே முதலில் அட்மினை மாற்று. அதே பக்கத்தில் வெளியிலிருந்து ரூட்டரை நிர்வகிக்கும் வசதி என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடு.

அப்புறம் உன் போன் நம்பர். உன் போன் வைஃபையில் சேரும்போது இரண்டுக்கும் நடுவே நடக்கிற அறிமுகப் பேச்சை வெளியே நிற்பவன் பிடித்து வைத்துக்கொள்ளலாம். அதை வீட்டுக்கு எடுத்துப் போய், சாவகாசமாக ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம். பத்து இலக்கம் என்றால் ஆயிரம் கோடி சேர்க்கை. கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி ஒரே நாளில் முடித்துவிடும். வைஃபை பாஸ்வேர்ட் 8 எழுத்திலிருந்து 63 எழுத்து வரை இருக்கலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்துவிடு. துடைப்பம், சந்திரன், ஓட்டை வாளி, இப்படி. என்னுடையதில் ஒரு திட்டு வார்த்தை இருக்கிறது, அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

பாதுகாப்பு வகை என்று கேட்கிற இடத்தில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதைத் தேர்ந்தெடு. 2018-இல் வந்தது, நான் சொன்ன அந்த வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சோதிக்கும் வேலை அதில் நடக்காது. பழைய சாதனம் ஒத்துக்கொள்ளாவிட்டால் டபிள்யூபிஏ2. டபிள்யூஈபி என்ற பழைய வகைப் பக்கமே போகாதே, அதை 2001-லேயே உடைத்துவிட்டார்கள். பாஸ்வேர்ட் தட்டாமலே சாதனத்தைச் சேர்க்க டபிள்யூபிஎஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அணைத்துவிடு. அதன் 8 இலக்க எண்ணை ரூட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்க்கும், கடைசி இலக்கம் வெறும் கணக்குச் சரிபார்ப்பு, ஆக முதல் பாதிக்கு 10,000, இரண்டாவதுக்கு 1,000 என்று 11,000 தடவை முயன்றால் திறந்துவிடும். 2017-இல் டபிள்யூபிஏ2-விலேயே ஓட்டை கண்டுபிடித்தார்கள், அதற்கு மருந்து அப்டேட்டில்தான் வந்தது. அதனால் அப்டேட் கேட்டால் அப்புறம் என்று தள்ளாதே.

வைஃபை பெயரை மறைத்து வைக்கலாமே என்று உன் மாப்பிள்ளை சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம். தேடுபவனுக்கு அது எப்படியும் தெரியும். அதோடு, மறைத்த பெயரை உன் போன் போகிற இடமெல்லாம் கூவிக்கொண்டு போகும். பெயரில் உன் பெயரோ வீட்டு எண்ணோ இல்லாமல் இருந்தால் போதும். விருந்தாளிகளுக்கு ரூட்டரிலேயே தனி நெட்வொர்க் வைக்கும் வசதி இருக்கிறது. அதைத் திறந்து, அந்த பாஸ்வேர்டை மட்டும் ஊருக்குச் சொல். பல்பு, கேமரா மாதிரி சாமான்களையும் அதிலேயே போட்டுவிடு.

இதையெல்லாம் எல்லோரும் தூங்கிய பிறகு செய். மாற்றிய நிமிஷமே எல்லாச் சாதனமும் அறுந்துவிடும், காலையில் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருக்கும். என் மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிரிண்டர் இன்றுவரை பேசவில்லை.

முடித்ததும் ஒரு போன் பண்ணு. புது பாஸ்வேர்டை மட்டும் கடிதத்தில் எழுதி அனுப்பாதே, போன தடவை எழுதியதே போதும்.

அன்புடன்,
சேகர்