ஸ்டாக்ஹோம்ல இருந்து பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்க நாங்க எல்லாரும் சௌக்கியம். நீங்களும் பெரியம்மாவும் எப்படி இருக்கீங்க? ஸ்ட்ரோக் வந்ததுக்கப்புறம் இப்ப கம்பு ஊன்றி திண்ணை வரைக்கும் வர்றீங்களாம், சாப்பாடும் பரவாயில்லையாம், தம்பி சொன்னான். ஆனா வெண்பா எழுதற நோட்டை மட்டும் தொட மாட்டேங்கறீங்களாம், பெரியம்மா பேனாவோட கொண்டுவந்து வச்சா தள்ளி விட்டுடறீங்களாம். அதைக் கேட்டதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. போன்ல பேசினா நான் ஒண்ணு கேட்டு, நீங்க வார்த்தை தேடி, அது வராம உங்களுக்கு கண்ணு கலங்கிடும், அது வேண்டாம்னு தான் கடிதமா எழுதறேன். டேய் தம்பி, நிதானமா படிச்சுக் காட்டுடா, ஒரே மூச்சுல படிச்சுட்டு ஓடாத.

இங்க இப்ப டிசம்பர். மத்தியானம் மூணு மணிக்கெல்லாம் இருட்டிடும், காலைல எட்டரைக்கு மேல தான் வெளிச்சமே எட்டிப் பாக்கும். நான் போற வேலை உங்களுக்குத் தெரியும்ல, வயசானவங்க வீடு வீடா போய் குளிப்பாட்டி, மாத்திரை குடுத்து, காபி போட்டு வச்சுட்டு அடுத்த வீட்டுக்கு ஓடணும். அதுல ஸ்ட்ரோக் வந்தவங்க நிறைய பேர். முதல்ல சொல்லிக்குடுத்த விஷயமே சட்டை போட்டுவிடறது தான்: வராத கையை முதல்ல நுழைக்கணும், கழட்டும்போது நல்ல கையை முதல்ல உருவணும், அப்ப தோள்பட்டை வலிக்காது. பெரியம்மாகிட்ட மறக்காம சொல்லுடா தம்பி.

ஒரு பாட்டி வீட்டுக்குப் போவேன், ஆமா, இல்ல ரெண்டைத் தவிர அவங்களுக்கு வேற பேச்சு வராது. அவங்க பிறந்தநாளுக்கு நாங்க ரெண்டு பேர் கேக் வச்சு இந்த ஊர் பிறந்தநாள் பாட்டைப் பாட ஆரம்பிச்சோம், அவங்களும் சேர்ந்துகிட்டு முழுப் பாட்டையும் ஒரு வார்த்தை பிசகாம பாடினாங்க பெரியப்பா! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அப்புறம் பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்க விளக்கம் சொன்னாங்க, பெரும்பாலானவங்களுக்கு பேச்சு மூளையோட இடது பக்கத்துல இருக்கு, வலது கை காலையும் அந்தப் பக்கம் தான் ஆட்டி வைக்குது, அதனால ரெண்டும் சேர்ந்து போயிடுது, ஆனா பாட்டுக்கு வலது பக்கமும் துணைக்கு வரும்னு. உங்களுக்கும் அதே கதை தான். வார்த்தை உள்ள இருக்கு, வெளிய வர்ற வழி தான் அடைச்சிருக்கு.

இப்ப நான் சொல்ல வந்த ஆள் விஷயத்துக்கு வர்றேன். ஸ்வீடிஷ் கத்துக்கற கிளாஸ்ல டீச்சர் ஒரு நாள் மூணு வரிக் கவிதை ஒண்ணு போர்டுல எழுதினாங்க, சின்ன வரியா இருந்தா புதுசா படிக்கறவங்களுக்கு ஈஸினு. எழுதினவர் தோமஸ் ட்ரான்ஸ்ட்ரோமர். 1931ல இதே ஸ்டாக்ஹோம்ல பிறந்தவர், தொழிலுக்கு உளவியல் நிபுணர், சிறுவர் ஜெயில்ல எல்லாம் வேலை பார்த்திருக்கார். நம்ம நாட்டுக்கும் வந்திருக்கார், போபால் விஷவாயு நடந்த கொஞ்ச காலத்துல அந்த ஃபேக்டரிக்கு வெளிய நின்னு நம்ம ஊர்க் கவிஞர்களோட சேர்ந்து கவிதை வாசிச்சிருக்கார். 1990ல, அம்பத்தொன்பது வயசுல, ஸ்ட்ரோக். வலது பக்கம் விழுந்துடுச்சு, பேச்சும் போச்சு. மனுஷன் பியானோ வேற நல்லா வாசிப்பார்.

இதுல என்னை உலுக்கினது என்னன்னா, 1974லயே ஒரு நீள் கவிதைல இதே மாதிரி ஒரு இசையமைப்பாளரைப் பத்தி எழுதியிருக்கார். அவருக்கு வலது பக்கம் விழுந்து, பேச்சு குழறிப் போகுது, ஆனா இசை மட்டும் கூடவே இருக்கு, கடைசி வரைக்கும் தன் பாணியிலயே எழுதிட்டே இருக்கார். பதினாறு வருஷம் கழிச்சு அது எழுதின ட்ரான்ஸ்ட்ரோமருக்கே வந்துச்சு. அவரும் விடல. இடது கைக்குன்னே எழுதின பியானோ பாட்டுகளைத் தேடி வாசிச்சார், முதல் உலகப்போர்ல வலது கையை இழந்த பால் விட்கென்ஸ்டைன்னு ஒரு கலைஞருக்காக ராவல் மாதிரி பெரிய இசையமைப்பாளருங்க எழுதினதெல்லாம் இருக்காம். ஸ்வீடன் இசைக்காரங்களும் இவருக்காகவே இடது கைக்கு எழுதிக் குடுத்தாங்க. 1996ல புதுக் கவிதைத் தொகுப்பு, 2004ல இன்னொண்ணு, அதுல பெரும்பாலும் ஹைக்கூ. 2011ல நோபல் பரிசு. பரிசு வாங்கறவங்க பேச வேண்டிய உரைக்குப் பதிலா அவர் கவிதைகளை மத்தவங்க வாசிச்சாங்க, பாடினாங்க. 2015ல தான் போனார், எண்பத்திமூணு வயசு. அவர் எழுதின மொத்தமும் ஒரே புத்தகத்துல அடங்கிடும், ஆனா அறுபது மொழிக்கு மேல போயிருக்கு.

இங்க நிறைய பேர் அவரைப் பத்தி பேசினா நோயை ஜெயிச்ச அதிசயம்னு ஆரம்பிப்பாங்க. எனக்கு அது சரியாப் படல. 1954ல வந்த முதல் புத்தகத்துலயே மொத்தம் பதினேழு கவிதை தான். 1959லயே ஒரு சிறுவர் ஜெயிலைப் பத்தி ஹைக்கூ எழுதி வச்சிருக்கார், அது 2001ல தான் புத்தகமா வந்துச்சு. நோய் வந்து அவரைச் சுருக்கல பெரியப்பா, அவர் வாழ்நாள் பூரா சுருக்கத்துக்குத் தான் பழகிட்டு இருந்தார், வார்த்தை கம்மியானப்ப நிக்கறதுக்கு அந்த இடம் தயாரா இருந்துச்சு. இன்னொண்ணு அவர் சம்சாரம் மோனிகா. அவங்க நர்ஸா இருந்தவங்க, அவர் அரைகுறையா சொல்றது, கண்ணைக் காட்டறது எல்லாத்தையும் புரிஞ்சுகிட்டு வெளிய எடுத்துச் சொன்னது அவங்க தான். நம்ம வீட்ல பெரியம்மா இல்லையா? நீங்க இருமினா எதுக்கு இருமறீங்கன்னு அவங்களுக்குத் தெரியும்.

உங்களுக்கும் அந்த இடம் இருக்கு. வெண்பாவை விடச் சுருக்கம் வேற எதுல இருக்கு? குறள் வெண்பான்னா ரெண்டே அடி, ஏழே சீர். எத்தனை வருஷமா ஸ்கூல்லயும் திண்ணைலயும் எங்களுக்கு நேர் நிரைன்னு அசை பிரிச்சு தட்டிக் காட்டினீங்க, அந்தத் தாளம் எங்க போயிடும்?

கோடைல ட்ரான்ஸ்ட்ரோமர் இருந்த ரூன்மாரோ தீவுக்கு போட்ல போனோம். பாறையும் பைன் மரமுமா இருக்கு. அவர் தாத்தா அந்தக் கடல்ல கப்பலுக்கு வழி காட்டற பைலட். சின்ன வயசுல அங்க வண்டு பிடிச்சு சேர்த்திருக்கார், பின்னாடி ஒரு வண்டுக்கே அவர் பேரை வச்சுட்டாங்க. அங்க ஒரு பாறைல உக்காந்து உங்களைத் தான் நினைச்சேன்.

தம்பி, பரண்ல இருக்கற டிரங்குப் பெட்டியை இறக்கு. கரையான் ஏறியிருக்கான்னு பாரு, உள்ள இருக்கற பெரியப்பாவோட வெண்பா நோட்டு ஒவ்வொண்ணையும் பக்கம் பக்கமா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பு, நான் டைப் பண்றேன். தேதி போட்டிருந்தா அதுவும் தெரியற மாதிரி எடு.

பெரியப்பா, உங்களுக்கு ஒரு வேலை. ஈற்றடி குடுத்து எங்களைப் பாட வைப்பீங்கல்ல, இந்தத் தடவை முதல் அடி நான் தர்றேன்:

பனிபெய்து மூடிய பாதையில் நின்றேன்

தளை தட்டலைன்னு தான் நினைக்கறேன், தப்பா இருந்தா தலையை ஆட்டுங்க, தம்பி சொல்லுவான். அடுத்த அடி நிரைல தொடங்கணும், எதுகைக்கு ரெண்டாவது எழுத்து னி. மூணே சீர். ஒரு நாளைக்கு ஒண்ணு வந்தாலும் போதும், வாய்ல வராட்டி இடது கைல கிறுக்குங்க, பெரியம்மா பார்த்து எழுதிக்கட்டும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீடியோ கால் பண்றேன், எவ்வளவு வந்திருக்கோ அவ்வளவு காட்டுங்க.

பெரியம்மாவுக்கு ஸ்வெட்டர் ஒண்ணு அனுப்பியிருக்கேன்.

உங்க அன்பு மக