ஏதென்ஸ் போய்வந்து எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அக்ரோபோலிஸ் குன்றில் ஏறி இறங்கி நீங்கள் எழுதும் பயணக் கட்டுரைகளை விடாமல் படித்து வருகிறேன். பெரிக்ளீஸ் வருவார், சாக்ரடீஸ் தவறாமல் வருவார். அடுத்த பத்தியில் 1687, வெனிஸ் படையின் குண்டு விழுந்து, குன்றின் மேலுள்ள பழங்கால அதீனா கோயிலான பார்த்தினன் வெடித்துவிடும். இடைப்பட்ட காலத்தில் ஊர் காலியாகவா கிடந்தது?

1205 முதல் 1458 வரை அந்தக் குன்று மேற்கு ஐரோப்பியர் வசம் இருந்தது. நான்காம் சிலுவைப்போருக்குக் கிளம்பிய படை எருசலேம் பக்கமே போகாமல் 1204இல் பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடியது. பிறகு அந்தப் பேரரசின் நிலங்களைப் பங்குபோட்ட பாகப்பிரிவினையில் ஏதென்ஸும் பக்கத்து ஊரான தீப்ஸும் ஓத்தோன் தெ லா ரோஷ் என்ற பிரெஞ்சு (பர்கண்டி) வீரருக்குப் போயின. அவர் குடும்பத்தினர்தான் முதல் ஏதென்ஸ் டியூக்குகள், அதாவது சிற்றரசர்கள். மாதா கோயிலாக இருந்த பார்த்தினனில் கிரேக்க மரபு வழிபாடு போய் லத்தீன் (ரோமன் கத்தோலிக்க) வழிபாடு வந்தது. ஆனால் அவர்கள் பெரிதாக மதித்த ஊர் ஏதென்ஸ் அல்ல, பட்டு நெசவில் செழித்த தீப்ஸ்.

நீங்கள் கட்டாயம் எழுத வேண்டியது வால்டர் தெ பிரியென் கதையை. 1308இல் ஏதென்ஸ் டியூக்காகப் பட்டத்துக்கு வந்தவர். வேலையற்றுச் சுற்றிக்கொண்டிருந்த கத்தலான் (ஸ்பெயினின் கத்தலோனியா பகுதியினர்) கூலிப்படையை 1310இல் ஆறு மாத ஒப்பந்தத்தில் அமர்த்தினார். அவர்கள் வடக்கே இருந்த தெஸ்ஸாலி பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்ட கோட்டைகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் ஐந்நூறு பேரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குச் சம்பள பாக்கியைத் தராமலே போகச் சொன்னார். போவார்களா? 1311 மார்ச் 15 அன்று ஹால்மிரோஸ் அருகே மோதல். கத்தலான்கள் தங்களுக்கு முன்னால் இருந்த வயலில் தண்ணீரைப் பாய்ச்சி, மேலே புல் மட்டும் தெரியும்படி விட்டுவைத்தார்கள். டியூக் முன்னே, கவசம் பூண்ட குதிரைவீரர்கள் பின்னே. எல்லோரும் சேற்றில் புதைந்தார்கள். வால்டர் தலை போயிற்று. கூலி கேட்டு நின்றவர்களே நாட்டை எடுத்துக்கொண்டு, இறந்தவர்களின் விதவைகளையும் மணந்துகொண்டார்கள். சம்பள பாக்கிக்காக ஓர் அரசே கைமாறிய கதை உலக வரலாற்றில் அதிகம் இருக்காது என்றே நினைக்கிறேன்.

கத்தலான்கள் சிசிலி அரசகுடும்பத்தைத் தலைமையாக ஏற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார்கள். பின்னாளில் அரகான் மன்னர் நான்காம் பெத்ரோவின் கைக்கு உரிமை வந்தபோது, 1380இல் அக்ரோபோலிஸுக்குக் காவலர்களை அனுப்பச் சொல்லி ஒரு கடிதம் எழுதினார். உலகிலேயே விலைமதிப்பற்ற அணிகலன் அந்தக் கோட்டை என்கிறார். பழமையை வியக்கும் அந்த வரியை ஒரு பயணக் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை.

அடுத்து வந்தவர்கள் புளோரன்ஸின் அச்சாயுவோலி குடும்பத்தினர். நேரியோ அச்சாயுவோலி 1388இல் குன்றைப் பிடித்து, புரோபிலேயா நுழைவாயிலை அரண்மனையாக்கிக்கொண்டார். 1394இல் அவர் இறந்தபோது எழுதி வைத்த உயில் விநோதமானது: ஏதென்ஸ் நகரத்தையே மாதா கோயிலுக்கு, அதாவது பார்த்தினனுக்கு, எழுதிவைத்தார். உயில் நிலைக்கவில்லை. வெனிஸ் புகுந்தது. சில ஆண்டுகளில் அவருடைய மகன் அந்தோனியோ ஊரை மீட்டு 1435 வரை ஆண்டார். கடைசி டியூக் பிராங்கோ, குன்றைத் துருக்கியரிடம் ஒப்படைத்துவிட்டு தீப்ஸுக்குப் போனார், 1460இல் கொல்லப்பட்டார்.

இதெல்லாம் உங்கள் கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. நுழைவாயிலின் தென்புறம், நீகே கோயிலை ஒட்டி, சுமார் 26 மீட்டர் உயரத்தில் பிராங்கிய (அந்த மேற்கு ஐரோப்பியர் காலத்து) கோபுரம் ஒன்று நின்றது. அச்சாயுவோலிகள் கட்டியதாகவே பலரும் கருதுகிறார்கள். டிராய் அகழாய்வால் பெயர்பெற்ற ஷ்லீமான் பணம் கொடுக்க, 1870களின் நடுவில் அதை இடித்துத் தள்ளினார்கள். பழங்காலக் கிரேக்கக் கட்டடங்கள் மட்டும் போதும் என்ற எண்ணம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படங்களில் கோபுரம் கம்பீரமாக நிற்கிறது. புறப்படும் முன் ஒன்றைத் தேடிக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். படியேறும்போது வலப்பக்கம் நிமிர்ந்து பார்த்தால் அது நின்ற இடம் பிடிபடும்.

அடுத்த கட்டுரையில் வால்டருக்கும் நேரியோவுக்கும் ஆளுக்கொரு பத்தி ஒதுக்குங்கள். சாக்ரடீஸைக் கொஞ்சம் குறைத்தால் இடம் கிடைக்கும். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அன்புடன்,
உங்கள் வாசகர் ஒருவர்