9:3:3:1 எல்லாவற்றுக்கும் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பட்டாணிச் செடிகளை வைத்து மரபு விதிகளைக் கண்டுபிடித்த மெண்டல் பற்றி மாணவர் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் போனது, ஆனால் எந்த இரண்டு பண்புகளை எடுத்தாலும் இரண்டாம் தலைமுறையில் நான்கு வகைகளும் 9:3:3:1 என்ற விகிதத்தில்தான் வரும் என்று முடித்திருக்கிறார்கள். அது தப்பு.

மெண்டல் உருண்டையான மஞ்சள் விதைப் பட்டாணியையும் சுருங்கிய பச்சை விதைப் பட்டாணியையும் கலந்தார். முதல் தலைமுறை விதை எல்லாமே உருண்டை, மஞ்சள். அடுத்ததில் 556 விதைகள்: உருண்டை மஞ்சள் 315, உருண்டை பச்சை 108, சுருங்கிய மஞ்சள் 101, சுருங்கிய பச்சை 32. உருண்டை வர முக்கால் வாய்ப்பு, மஞ்சள் வர முக்கால் வாய்ப்பு, பெருக்கினால் 16-ல் 9, சரி. ஆனால் அப்படிப் பெருக்கலாமா என்பதுதான் கேள்வியே! இரண்டு நாணயங்களைச் சுண்டுகிற மாதிரி, ஒன்று விழுவது இன்னொன்றைப் பாதிக்கக்கூடாது. விதையின் வடிவத்தையும் நிறத்தையும் தீர்மானிக்கும் அந்த இரண்டு மரபணுக்களும் வெவ்வேறு குரோமோசோம்களில் (செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகள்) இருந்ததால் கணக்கு ஒத்துவந்தது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேட்சன், பன்னட் என்ற மரபியல் ஆய்வாளர்கள் இனிப்புப் பட்டாணியில் (பூவுக்காக வளர்க்கும் செடி) ஊதாப் பூ, நீள மகரந்தம் உள்ளதையும் சிவப்புப் பூ, உருண்டை மகரந்தம் உள்ளதையும் கலந்து பார்த்தபோது என்ன ஆனது தெரியுமா? இரண்டாம் தலைமுறையில் 6952 செடிகள். ஊதா நீளம் 4831, ஊதா உருண்டை 390, சிவப்பு நீளம் 393, சிவப்பு உருண்டை 1338. மெண்டல் கணக்குப்படி கடைசி வகை சுமார் 435 தான் இருந்திருக்க வேண்டும். பாட்டன் பாட்டியிடம் சேர்ந்திருந்த பண்புகள் பேரச் செடிகளிலும் பெரும்பாலும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

ஏன் என்பது அவர்களுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. பழ ஈயை வைத்து அதை விளக்கியவர் மார்கன் என்ற மரபியல் ஆய்வாளர். ஒரே குரோமோசோமில் இருக்கும் மரபணுக்கள் ஒரே கயிற்றில் போட்ட முடிச்சுகள் மாதிரி. இனச்செல் (விந்து, முட்டை) உருவாகும்போது ஜோடிக் கயிறுகள் ஆங்காங்கே அறுந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்ளும் (பாடப்புத்தகத்தில் குறுக்கேற்றம்). பக்கத்துப் பக்கத்து முடிச்சுகளுக்கு நடுவே அறுவது அபூர்வம், தள்ளித் தள்ளி இருந்தால் அடிக்கடி அறுபடும், ரொம்பத் தூரமாக இருந்தால் தனித்தனிக் கயிறு போலவே நடந்துகொள்ளும். எவ்வளவு அடிக்கடி பிரிகின்றன என்பதையே தூரமாக எடுத்துக்கொண்டு, மார்கனின் மாணவர் ஸ்டர்டிவன்ட் 1913-இல் முதல் மரபணு வரைபடத்தையே போட்டுவிட்டார்.

அடுத்த வாரம் திருத்தம் போடுவதாக இருந்தால், மெண்டலின் 315-க்குப் பக்கத்திலேயே இந்த 4831-ஐயும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்