கல்லூரி ஆய்வகங்களில் முடங்கிக் கிடக்கும் மூலக்கூறுகளைச் சோதிக்க வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசநோய் ஒழிப்பு குறித்து நாளிதழ்களில் வரும் செய்திகளில், நோயாளிகளைக் கண்டறிவது, மாத்திரைகளை இடையில் நிறுத்தாமல் உட்கொள்ளச் செய்வது, சத்தான உணவு கிடைக்கச் செய்வது ஆகியவை பற்றி விரிவாகப் பேசப்படுகிறது. இவை அனைத்தும் தேவையானவையே. ஆனால், அந்த மாத்திரைக்குள் இருக்கும் மூலக்கூறு எப்படி உருவானது என்பதை யாரும் சொல்வதில்லை. நீண்ட காலம் கரிம வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், நம் மாநிலக் கல்லூரிகளின் ஆய்வகங்கள் உடனடியாகக் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி அந்த வரலாற்றில் இருப்பதாகக் கருதி இதை எழுதுகிறேன்.

காசநோய்க்கு இன்றும் முதலில் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்றான ஐசோநியாசிட், 1912ஆம் ஆண்டிலேயே தயாரிக்கப்பட்டுவிட்ட சேர்மம். பிராக் நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மேயர், யோசெஃப் மாலி ஆகிய இரு வேதியியலாளர்கள், பிரிடின் வளையம் (ஐந்து கார்பன் அணுக்களும் ஒரு நைட்ரஜன் அணுவும் சேர்ந்த வளையம்) கொண்ட அமிலங்களிலிருந்து பெறப்படும் ஹைட்ரசைடுகள் என்னும் சேர்மங்களை ஆராய்ந்தபோது இதைத் தயாரித்து, அதன் பண்புகளை ஆய்விதழில் பதிவு செய்தார்கள். அவர்கள் மருந்து எதையும் தேடவில்லை; அவர்களைக் குறை சொல்லவும் இடமில்லை. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882லேயே அடையாளம் காட்டியிருந்தார். அதைக் கொல்லவல்ல மூலக்கூறு, மொத்தமே 17 அணுக்கள் கொண்ட மிக எளிய மூலக்கூறு, அதற்கு 30 ஆண்டுகள் கழித்துக் கைக்கு வந்துவிட்டது. இரண்டையும் ஒன்றுசேர்த்துப் பார்க்க எவருக்கும் தோன்றாமல் மேலும் ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழிந்தன. அந்த 40 ஆண்டுகளில் இந்த நோய் கொண்டுபோன உயிர்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

பிறகு அது மருந்தாக அறியப்பட்டது வெறும் தற்செயலால் அன்று. வைட்டமின் வகையைச் சேர்ந்த நிகோடினமைடு காசநோய்க் கிருமியை ஓரளவு கட்டுப்படுத்துகிறது என்பது 1945இல் பாரிஸில் கவனிக்கப்பட்டது. அதே காலத்தில், பாக்டீரியாத் தொற்றுகளுக்கான சல்ஃபா மருந்துகளுக்கு வழிகாட்டிய ஜெர்மன் ஆய்வாளர் கெர்ஹார்ட் டோமாக், தயோசெமிகார்பசோன் என்னும் வகைச் சேர்மங்கள் இந்தக் கிருமிக்கு எதிராகச் செயல்படுவதைக் காட்டியிருந்தார். நிகோடினமைடில் இருப்பது பிரிடின் வளையம். டோமாக்கின் சேர்மங்களில் இருந்தது, ஆறு கார்பன் அணுக்களால் ஆன பென்சீன் வளையம். அந்த பென்சீன் வளையத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் பிரிடின் வளையத்தை வைத்தால் இரண்டின் ஆற்றலும் ஒரே மூலக்கூறில் சேருமா என்பதே வேதியியலாளர்கள் எழுப்பிய கேள்வி. அந்த இறுதிச் சேர்மத்தை நோக்கிய தயாரிப்புப் பாதையில் இடைப்படியாக வந்ததுதான் ஐசோநிகோடினிக் அமிலத்தின் ஹைட்ரசைடு, அதாவது ஐசோநியாசிட். இடைப்படிதானே என்று ஒதுக்காமல் அதையும் சோதனைக்கு அனுப்பினார்கள். இறுதிச் சேர்மத்தை விடவும், அதுவரை அறியப்பட்டிருந்த மற்றவற்றை விடவும், அதுவே மிகுந்த ஆற்றல் கொண்டதாக இருந்தது. ஜெர்மனியின் பேயர், அமெரிக்காவில் ஸ்குவிப், ஹாஃப்மன் லா ரோஷ் என மூன்று நிறுவனங்களின் ஆய்வகங்கள் ஒன்றையொன்று அறியாமல் இதே முடிவுக்கு வந்தன. 1952இல் செய்தி வெளியானது. 1912லேயே அச்சில் வந்துவிட்ட சேர்மம் என்பதால் அந்த மூலக்கூறுக்கு மூவரில் எவராலும் காப்புரிமை பெற முடியவில்லை. ஏழை நாடுகள் வாங்கும் விலையில் அது கிடைத்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இதன் பயனை உலகுக்கு எடுத்துக்காட்டியது சென்னை என்பதை நம் மாணவர்களில் பலர் அறிந்திருக்கவில்லை. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், ஐசோநியாசிடையும் பாஸ் எனப்படும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலத்தையும் கொண்டு, சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களையும் நெரிசலான வீட்டில் இருந்தபடியே பெற்றவர்களையும் ஒப்பிட்டது. சானடோரியத்தில் ஓய்வும் உணவும் காற்றோட்டமும் மேலாக இருந்தும், வீட்டில் இருந்தவர்கள் குணமடைந்த அளவு ஏறக்குறைய அதற்கு இணையாக இருந்தது. வீட்டில் உள்ளவர்களுக்கு நோய் தொற்றும் ஆபத்தும் அதனால் கூடிவிடவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவு, காசநோயாளியைக் குடும்பத்தினின்று பிரித்து வைக்கும் வழக்கத்தையே உலகெங்கும் மாற்றியது. அந்த மையமே இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இனி நம் கல்லூரிகளுக்கு வருகிறேன். முதுகலை மாணவரும் முனைவர் பட்ட ஆய்வாளரும் ஆண்டுதோறும் புதிய சேர்மங்களைத் தயாரிக்கிறார்கள். சால்கோன், பைரசோலின், ஷிஃப் காரம் என்று பெரும்பாலும் சில குடும்பங்களுக்குள்ளேயே இந்தப் பணி நடக்கிறது. ஆல்டிஹைடையும் அமீனையும் ஆல்கஹாலில் கரைத்து மணிக்கணக்கில் காய்ச்சி, கலவையிலுள்ள சேர்மங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தகட்டில் பழைய புள்ளி மறைந்து புதிய புள்ளி தோன்றும் வரை காத்திருந்து, படிகமாக்கி, வடிகட்டி, உலர்த்தி, நுண்குழாயில் அடைத்து உருகுநிலை பார்த்து, மூலக்கூறின் கட்டமைப்பை அறிய உதவும் என்எம்ஆர் நிறமாலை எடுக்க வேறு நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டி அனுப்பி, இத்தனை பாடுபட்ட பிறகு கையில் நிற்பது அரை கிராம் மஞ்சள் தூள். அது சிறு குப்பியில் அடைக்கப்பட்டு, எம்-4, எம்-5 என்று பென்சிலால் எழுதிய சீட்டு ஒட்டப்பட்டு, அலமாரியில் வைக்கப்படுகிறது. வாய்மொழித் தேர்வு முடிந்து மாணவர் வெளியேறிய பின் எம்-4 என்றால் என்ன என்று சொல்ல ஆள் இருப்பதில்லை. இடம் போதாதபோது குப்பிகள் கழுவப்பட்டு அடுத்தவர் பயன்பாட்டுக்குப் போகின்றன.

சோதனையே நடப்பதில்லை என்று சொல்ல மாட்டேன். ஆய்வேட்டின் கடைசி இயலில் ஒரு நுண்ணுயிர் எதிர்ப்புச் சோதனை இருக்கும். ஈ.கோலை, ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற எளிதில் வளரும் பாக்டீரியாக்களைத் தட்டில் பரப்பி, சேர்மம் தோய்த்த காகித வில்லைகளை வைத்து, மறுநாள் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து அட்டவணை போடுவார்கள். நீரில் எளிதில் கரையாத சேர்மம் தட்டில் பரவாது. ஆகவே ஆற்றல் இருந்தும் வட்டம் சிறுத்துத் தோன்றலாம். மனித உயிரணுவுக்கு அது நஞ்சா என்பதையும் இந்தச் சோதனை சொல்லாது. இவற்றினும் முக்கியமான குறை ஒன்று உண்டு. ஐசோநியாசிட் ஏறக்குறைய காசநோய்க் கிருமியின் இனத்தை மட்டுமே தாக்கும். அந்தக் கிருமியிடம் உள்ள நொதியே அதைச் செயலூக்கம் பெறச் செய்கிறது. அதன் பிறகு அது கிருமியின் மெழுகு போன்ற சுவர் கட்டப்படுவதைத் தடுக்கிறது. ஆகவே நம் கல்லூரித் தட்டில் ஈ.கோலைக்கு எதிராக ஐசோநியாசிடை வைத்தால் வட்டமே தோன்றாது. ‘செயல்திறன் இல்லை’ என்று எழுதி அந்தக் குப்பியை ஒதுக்கிவிடுவோம். இன்னொரு முதன்மைக் காசநோய் மருந்தான பைரசினமைடின் கதையும் இத்தகையதே. அமிலத்தன்மை இல்லாத சாதாரண வளர்ப்பூடகத்தில் அது காசநோய்க் கிருமியைக்கூடத் தடுப்பதில்லை. 1952இல் நோயுற்ற எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததால்தான் அதன் ஆற்றல் வெளிப்பட்டது.

எனவே ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே தட்டு வைப்பதைப் பெருக்குவது தீர்வாகாது. காசநோய்க் கிருமி மெதுவாக வளர்வது, காற்றில் பரவுவது. அதைக் கையாளத் தனிப் பாதுகாப்புக் கொண்ட ஆய்வகம் வேண்டும். நான் கோருவது பொதுச் சேமிப்பகம் ஒன்றை. புதிய சேர்மம் எதையும் தயாரிக்கும் மாணவர், ஆய்வேட்டை அளிக்கும்போதே அதில் 10 மில்லிகிராமை, கட்டமைப்பு, தூய்மை, நிறமாலைத் தரவுகளுடன் அங்கே ஒப்படைக்க வேண்டும். பல்கலைக்கழகங்களின் சார்பில் அந்தச் சேமிப்பகம், தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றுடன் உடன்பாடு செய்துகொண்டு, பல கிருமிகளுக்கும் மனித உயிரணுக்களுக்கும் எதிராக அவற்றை முறையாகச் சோதித்து வாங்க வேண்டும். இது நடக்காத காரியம் அன்று. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2015இல் தொடங்கிய ஒரு திட்டம், உலகின் எந்த நாட்டு ஆய்வாளர் அனுப்பும் சேர்மத்தையும் ஐந்து பாக்டீரியாக்களுக்கும் இரண்டு பூஞ்சைகளுக்கும் எதிராகக் கட்டணமின்றிச் சோதித்துத் தந்தது. அதற்கு ஒரு மில்லிகிராம் அளவே போதுமானதாக இருந்தது.

கண்டுபிடிப்பின் உரிமை பறிபோகும் என்று ஆய்வு வழிகாட்டிகள் சிலர் தயங்குவார்கள். தயாரித்தவரின் பெயரிலேயே சேர்மத்தைப் பதிவு செய்து, முடிவுகளை அவருக்கு முதலில் அளித்து, குறிப்பிட்ட காலம் கழிந்த பின்னரே பொதுவில் வைப்பது என்று விதி வகுத்தால் இந்த அச்சம் தீரும். சேர்மங்களில் மிகப் பெரும்பாலானவை எதற்கும் பயன்படாது என்றே முடிவு வரும் என்பதையும் ஒளிக்க விரும்பவில்லை. அந்த முடிவும் ஒரு தரவுதான். எந்த இடத்தில் குளோரினை வைத்தால் ஆற்றல் கூடியது, எந்த இடத்தில் மெத்தில் தொகுதியை வைத்தால் அடியோடு போயிற்று என்று கண்ட மாணவர்தான் அடுத்த மூலக்கூறைக் காரணத்தோடு வரைவார். இன்று நம் மாணவர்கள் கையில் கிடைக்கும் ஆல்டிஹைடைப் பொறுத்தே மூலக்கூறைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களுக்குத் திறமை குறைவு என்று இதற்குப் பொருளில்லை, முந்தைய மூலக்கூறு என்ன செய்தது என்று அவர்களுக்கு எவரும் திருப்பிச் சொல்வதில்லை.

உயர்கல்வித் துறை இதற்கு ஒரு குழு அமைக்குமா, பல்கலைக்கழகங்கள் ஆய்வேடு அளிக்கும் விதிகளில் இந்த ஒப்படைப்பைச் சேர்க்குமா என்று தங்கள் நாளிதழ் உரியவர்களிடம் கேட்டு வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். வரும் கல்வியாண்டின் ஆய்வேடுகளிலிருந்து தொடங்கினால் போதும். கட்டமைப்பு உறுதி செய்யப்பட்டு, இன்னும் கெடாமல் இருக்கும் பழைய சேர்மங்களைத் துறைத்தலைவர்கள் விருப்பத்தின்பேரில் அடுத்த கட்டமாக அனுப்பலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி