ரோடு போடுறதுக்கு முன்னாடி மண்ணைத் தோண்டிப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் பெரும்பாலும் கரிசக்காடுதான். எங்க ஊரு ரோட்டைப் புதுசா போடப்போறோம்னு டேப் பிடிச்சு அளந்துட்டுப் போயிருக்காங்க, ரொம்ப சந்தோசம், ஆனா நீளம் அகலம் பாத்தாங்களே தவிர ஒரு இடத்துலயும் குழி தோண்டி மண்ணு எடுக்கல.

கரிசலைப் பத்தி எந்த சம்சாரியைக் கேட்டாலும் சொல்வாங்க, ஐப்பசி கார்த்திகை மழையில தண்ணியக் குடிச்சு உப்பிரும், சித்திரை வைகாசியில கை உள்ள போற அளவுக்கு வெடிச்சிரும். மேல தார் போட்டாச்சுன்னு அது சும்மா இருக்காது. ரோட்டுக்கு நடுவுல கீழ உள்ள ஈரம் சீக்கிரம் மாறாது, ஓரத்து மண்ணுதான் வருசா வருசம் நனைஞ்சு காஞ்சு அசைஞ்சுகிட்டே இருக்கும், அதனாலதான் ஓரத்தை ஒட்டியே நீளமா வெடிப்பு விழுது, அடுத்த மழைக்கு அது வழியா தண்ணி இறங்கி ஜல்லி பேந்துருது. நாம தார் கம்மியா ஊத்திட்டாங்கன்னு கான்ட்ராக்டரைத் திட்டுறோம், தாரு நல்லா இருந்தாலும் அடிமண்ணு இப்படி இருந்தா ரோடு நிக்காதுங்க.

இதைக் கண்டுபிடிக்க பெரிய மெஷின் கூட வேண்டாம். சலிச்ச மண்ணு 10 கிராம் ஒரு கண்ணாடிக் குழாயில தண்ணியிலயும், இன்னொரு 10 கிராம் மண்ணெண்ணெய்லயும் போட்டு ஒரு நாள் விடுவாங்க. மண்ணெண்ணெய்ல மண்ணு உப்பாது. அங்க 10 மில்லி நிக்கிற மண்ணு தண்ணியில 15 மில்லியைத் தாண்டிருச்சுன்னா உப்புற அளவு 50 சதவீதத்துக்கு மேல, அந்த மண்ணை ரோட்டுக்கு நிரப்பக்கூடாதுன்னு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட விதியிலயே இருக்கு. அடுத்தது சிபிஆர் டெஸ்ட், மண்ணை அச்சுல கெட்டிச்சு 4 நாள் தண்ணியில ஊறவச்சு எவ்வளவு அழுத்தம் தாங்குதுன்னு பாக்குறது. நல்ல உடைகல்லுக்கு 100னு வச்சா ஊறுன கரிசல் பல இடத்துல 2, 3 தான் வரும். சரளை எத்தனை கனம் ஜல்லி எத்தனை கனம்னு இதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்.

ஒரே இடத்துல எடுத்தாலும் பத்தாது. எங்க ரோடே ஊர் எல்லையில செம்மண் சரளை, நடுவுல கரிசல், கண்மாய்க்கரை பக்கம் களின்னு மாறுது, மாறுற இடமெல்லாம் குழி போடணும்.

கரிசல்னு தெரிஞ்சா வழி இருக்கு, மேல்மண்ணை வெட்டிட்டு சரளை போடலாம், சரளை கிடைக்கலைன்னா சுண்ணாம்பு கலந்து கெட்டிக்கலாம், ரெண்டு பக்கமும் தண்ணி வடிய வாய்க்கா வேணும். செலவு கூடும்தான், அதை எஸ்டிமேட்லயே சேக்கணும், டெண்டர் விட்டப்புறம் யாரு தருவா?

வேலை நடக்குற இடத்துல வைக்கிற போர்டுல தொகை, கான்ட்ராக்டர் பேரு எல்லாம் போடுறாங்கல்ல, அதுலயே எங்கெங்க மண்ணு எடுத்தாங்க, சிபிஆர் எத்தனைன்னு ரெண்டு வரி சேத்து எழுத கலெக்டர் உத்தரவு போடணும். எங்க ரோட்டுக்கு இன்னும் டெண்டர் விடல, இப்ப குழி போட்டா கூட நேரம் இருக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், எட்டயபுரம் வட்டாரம்